புல்லில் பிறந்த ரொட்டி

புல்லையும் இலைதழையையும் உள்ளே போட்டு, வெயில் படும்படி வைத்துக் கையால் இயக்கினால் பசியாற்றும் ரொட்டி வரும். உழ வேண்டாம், அறுக்க வேண்டாம், கூலிக்காக எவர் வாசலிலும் நிற்க வேண்டாம். இப்படி ஒரு கருவி உலகில் எங்கும் இருந்ததில்லை. ஒரு நாவலுக்குள் மட்டும் இருந்தது. 'சூரிய இயந்திரம்' என்பது அந்த நாவலின் பெயர். உக்ரைனிய மொழியின் முதல் அறிவியல் புனைவு நாவல் என்று பலரும் அதைச் சொல்வார்கள். ஜெர்மனியில் எழுதப்பட்டு, கார்கிவில் அச்சாகி, பிறகு பூட்டிய அறைக்குள் போய், அறுபது ஆண்டு கழித்து வெளியே வந்த புத்தகம். எழுதியவர் வொலொதிமிர் வின்னிசென்கோ. ஒரு காலத்தில் அந்த நாட்டின் அரசாங்கத்துக்கே தலைவராக இருந்தவர். அவரால் திரும்ப முடியாமல்போன மண்ணுக்கு அவருடைய புத்தகம் போய்ச் சேர்ந்தது.

புத்தகம் எழுதத் தொடங்கியது 1921இல். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். எல்லை தாண்டும் காகிதத்துக்கும் இந்த மனிதருக்கும் இருந்த உறவு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

1880இல் உக்ரைனின் தென்புறப் புல்வெளிப் பகுதியில், யெலிசவெத்ஹ்ராத் நகரத்தை ஒட்டி வாழ்ந்த ஏழைக் குடியானவர் வீட்டில் அவர் பிறந்தார். தகப்பனார் பண்ணைக் கூலி. வீட்டில் பேசியது உக்ரைனிய மொழி. பள்ளியில் ரஷ்ய மொழி. அந்த வயதில் அவர் படிக்க ஆசைப்பட்டிருந்தாலும் தாய்மொழியில் படிக்கக் கிடைத்தது சொற்பம். 1876இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் போட்ட எம்ஸ் ஆணை, உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்திருந்தது. ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்த கலீசியாவில், லிவீவ் நகரத்தில் அதே மொழியில் தாராளமாக அச்சிட்டார்கள். ஒரே மொழி, ஒரே மக்கள், நடுவில் ஓர் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிப் புத்தகக் கட்டுகளைக் கடத்திவருவது புரட்சிக்கார இளைஞர்களின் வேலையாக இருந்தது.

வின்னிசென்கோ 1901இல் கீவ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். புரட்சிகர உக்ரைனியக் கட்சியில் இணைந்தார். மறு ஆண்டே கைதானார். பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது; அரசாங்கம் பிடித்துப் படையில் போட்டது. படையிலிருந்து தப்பிக் கலீசியாவுக்கு ஓடினார். 1903இல் தடைசெய்யப்பட்ட பிரசுரங்களுடன் எல்லை கடந்து திரும்பும்போது பிடிபட்டார். 1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் வந்த பொது மன்னிப்பு வரை சிறை. அவருடைய முதல் சிறுகதை அச்சாகியிருந்ததும் 1902இல்தான். எழுத்தும் தடையும் அவர் வாழ்க்கையில் ஒரே ஆண்டில் கைகோத்து நுழைந்தன.

அடுத்த பத்தாண்டுகளை நான் வேகமாகக் கடக்கிறேன். தலைமறைவு, பொய்ப் பெயர்கள், மேற்கு ஐரோப்பிய நகரங்கள், நடுவே கதைகள், நாவல்கள், நாடகங்கள். 1911இல் யூதக் குடும்பத்தில் பிறந்த ரொசாலியா லிஃப்ஷித்ஸ் அவருக்கு வாழ்க்கைத்துணையானார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பாதியில் எல்லாவற்றையும் காப்பாற்றுபவர் அவர்தான். அதே ஆண்டிலிருந்து வின்னிசென்கோ நாட்குறிப்பும் எழுதிவந்தார். அந்தப் பழக்கம் அவருடைய சாவு வரை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அவருடைய 'கருஞ்சிறுத்தையும் வெண்கரடியும்' நாடகம் ஐரோப்பிய மேடைகளுக்குப் போனது. 1921இல் ஜெர்மனியில் மௌனப் படமாகவும் வந்தது. உள்நாட்டில் அவர் அளவுக்குப் படிக்கப்பட்ட உக்ரைனிய உரைநடை எழுத்தாளர் அப்போது வேறொருவர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு 1917. ஜார் ஆட்சி விழுந்தது. கீவில் மத்திய ராடா என்ற பேரவை கூடியது. வரலாற்றாசிரியர் மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கி அதன் தலைவர், வின்னிசென்கோ துணைத்தலைவர். உக்ரைனுக்குத் தன்னாட்சி என்று அறிவித்த ஆவணத்துக்கு 'முதல் யுனிவர்சல்' என்று பெயர். பழைய கொசாக் தலைவர்கள் மக்களுக்கு விடுத்த அறிக்கைகளை அந்தப் பெயரால்தான் குறித்தார்கள். அதைப் பெரும்பாலும் எழுதியவர் வின்னிசென்கோ. 1917 ஜூன் 23 அன்று கீவில் கூடிய படைவீரர் மாநாட்டில் எழுந்து நின்று வாசித்தவரும் அவரே. நீண்ட காலம் அச்சிடக்கூட விடப்படாதிருந்த ஒரு மொழியில், ஒரு நாவலாசிரியர் எழுதிய வாக்கியங்கள் ஒரு நாட்டின் ஆணையாகப் படிக்கப்பட்டன. போர்முனைகளிலிருந்து வந்திருந்த விவசாயக் குடும்பத்து வீரர்கள் அதைத் தங்கள் வீட்டு மொழியில் கேட்டார்கள். எழுத்து ஒரு மனிதருக்குத் தரக்கூடிய பெரும்பேறுகளில் அது ஒன்று என்று நினைக்கிறேன். சில நாட்களில் பொதுச் செயலகம் என்ற பெயரில் அரசாங்கம் அமைந்தது. அதற்கும் அவரே தலைவர். வயது முப்பத்தாறு.

ஆட்சி அவருக்குக் கைவரவில்லை. அவர் சோஷலிஸ்ட், நிரந்தரப் படை என்பது பழைய உலகத்தின் அடக்குமுறைக் கருவி என்று நம்பினார். பெத்ரோகிராடில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் படையோடு வந்தபோது கீவிடம் உறுதியான படை இல்லை. இதை அவருடைய பெரும்பிழை என்று பல உக்ரைனியர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1918 ஜனவரியில் உக்ரைன் முழு விடுதலை அறிவித்த அதே நாட்களில் அவர் பதவியைவிட்டு இறங்கினார். ஆண்டுக் கடைசியில், இடையில் ஆட்சியைப் பிடித்திருந்த ஹெத்மன் ஸ்கொரொபாத்ஸ்கியைக் கவிழ்த்த 'டைரக்டரி' என்ற ஐவர் குழுவுக்குத் தலைவராக மீண்டும் வந்தார். அந்த ஆட்சியின் பெயரில் இயங்கிய படைகளே ஊர் ஊராக யூதர்களைக் கொன்றன. தலைவரின் மனைவி யூதப் பெண். தடுக்கும் வலு அவர் கையில் இருக்கவில்லை. போல்ஷெவிக்குகளை எதிர்க்கப் பிரெஞ்சுப் படைத்தரப்பு உதவி தருவதென்றால் இந்த இடதுசாரி விலக வேண்டும் என்றது; 1919 பிப்ரவரியில் விலகி நாட்டைவிட்டுப் போனார்.

1920இல் கடைசியாக ஒருமுறை முயன்றார். மாஸ்கோவுக்கும் கார்கிவுக்கும் போய் போல்ஷெவிக்குகளுடன் பேசினார். சோவியத் உக்ரைன் அரசின் துணைத்தலைவர் பதவியும் வெளியுறவுத் துறையும் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் உண்மையில் முடிவெடுக்கும் கட்சியின் அரசியல் குழுவில் இடமில்லை. பெயருக்கு அமைச்சராக இருந்து மாஸ்கோவின் முடிவுகளில் கையெழுத்துப் போட அவர் மனம் ஒப்பவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் வெளியேறியவர் அதன்பின் சொந்த மண்ணை மிதிக்கவே இல்லை. அப்போது அவருக்கு நாற்பது வயது. வாழ்வில் இன்னும் முப்பது ஆண்டுகள் மிச்சம் இருந்தன.

இந்த மனநிலையோடுதான் ஜெர்மனியில் மேசைமுன் உட்கார்ந்தார். நடந்ததற்கெல்லாம் கணக்குச் சொல்லும் 'தேசத்தின் மறுபிறப்பு' என்ற மூன்று தொகுதி வரலாற்றை ஏற்கெனவே எழுதி வெளியிட்டிருந்தார். சொல்ல வேண்டிய அரசியலைச் சொல்லியாயிற்று. இப்போது அதற்கும் அடியில் கிடந்த கேள்வியைத் தொட்டார். மனிதனை மனிதன் அடக்கியாள முடிவது எதனால்? பசியால். ரொட்டி ஒருவன் கையில் இருப்பதால் மற்றவன் அவனுக்குக் கீழ்ப்படிகிறான். அந்த ரொட்டி புல்லைப்போல் எங்கும் முளைத்தால் என்ன ஆகும்? அவர் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், 1921 முதல் 1923 வரை, தென் உக்ரைனில் மழை பொய்த்தது, தானியம் பறிபோனது, மக்கள் பட்டினியில் செத்தார்கள். அவர் பிறந்து வளர்ந்த புல்வெளிநாடு அது. ஜெர்மனியில் பணவீக்கத்தால் ரொட்டி விலை மணிக்கொருதரம் ஏறிக்கொண்டிருந்தது. ரொட்டியை மையமாக வைத்து ஒரு கற்பனை உலகத்தைக் கட்ட அதைவிடப் பொருத்தமான காலமும் இடமும் வாய்த்திருக்க முடியாது.

நாவல் நடப்பது ஜெர்மனியில். ரூடோல்ஃப் ஷ்தோர் என்ற விஞ்ஞானி, பிரபு குடும்பத்து வேலைக்காரர் ஒருவரின் மகன். ஹீலியோனைட் என்ற கனிமத்தின் துணையோடு சூரிய ஒளியால் தாவரத்தை உணவாக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறான். எதிரே நாட்டின் செல்வத்தையெல்லாம் முடிச்சுப்போட்டு வைத்திருக்கும் வங்கி அதிபர் மெர்ட்டென்ஸ். வீழ்ந்த அரச வம்சத்து இளவரசி எலீசா. குண்டும் துப்பாக்கியுமாகத் திரியும் இரகசியப் புரட்சி இயக்கம். காதல், ஒற்று, கொலை எல்லாம் உண்டு. பாதி துப்பறியும் கதையின் வேகத்தில் ஓடும். ஆனால் கருவி மக்கள் கைக்குப் போனபின் வரும் பகுதிதான் என்னைப் பிடித்து நிறுத்துவது. யாரும் வேலைக்குப் போவதில்லை. தொழிற்சாலைகள் ஓய்கின்றன, விளக்கு அணைகிறது, தெருவில் குப்பை சேர்கிறது. ஆண்டவர்களுக்குப் பிடி போய்விட்டது; ஆளப்பட்டவர்களுக்கோ திசை தெரியவில்லை. வயிறு நிறைந்த மனிதர்கள் வெயிலில் சோம்பிக் கிடக்கிறார்கள். புரட்சி முடிந்ததும் சொர்க்கம் வந்துவிடும் என்று எழுதுபவர் அந்தப் பக்கங்களை எழுதியிருக்க மாட்டார். ஆட்சியைக் கையில் பிடித்துப் பார்த்து, மக்கள் கூட்டம் எப்படி எழும், எப்படிக் கலையும் என்று கீவின் தெருக்களில் கண்ணால் கண்டவர்தான் எழுதியிருக்க முடியும்.

பிறகு மெல்ல, யாரும் கட்டாயப்படுத்தாமல், மனிதர்கள் தாமாகவே வேலைக்குத் திரும்புகிறார்கள். பசிக்காக அல்ல, கை சும்மா இருக்கப் பிடிக்காததால், சேர்ந்து ஒன்றைச் செய்வதில் மகிழ்ச்சி இருப்பதால். கேட்பதற்கு இது வெறும் ஆசைக்கனவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசியலில் தோற்ற ஒருவர் கசந்துபோய் மனிதர்களையே வெறுத்து எழுதியிருக்கலாம்; அதற்கான காரணங்கள் அவரிடம் குறைவில்லாமல் இருந்தன. அவர் அதைச் செய்யவில்லை.

1924இல் எழுத்து முடிந்தது. எங்கே அச்சிடுவது? அவருடைய வாசகர்கள் உக்ரைனில் இருந்தார்கள். அங்கே அவர் போக முடியாது. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் ஒரு கதவு திறந்திருந்தது. 1923இலிருந்து மாஸ்கோவே 'உக்ரைனியமயமாக்கல்' கொள்கையை ஏற்றிருந்தது. பள்ளி, அலுவலகம், நாளிதழ் எல்லாவற்றிலும் உக்ரைனிய மொழி நுழைந்தது. எழுத்தறிவு பெற்ற புதிய தலைமுறை படிக்கப் புத்தகம் தேடியது. அப்போதைய தலைநகரமான கார்கிவில் 'ரூக்' பதிப்பகம் வின்னிசென்கோவின் தொகுப்பை இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியது. அங்கிருந்து வந்த ராயல்டியில்தான் அவரும் ரொசாலியாவும் முதலில் ஜெர்மனியிலும் 1925க்குப் பின் பாரிசிலும் பெரும்பாலும் வாழ்ந்தார்கள். ஆட்சியை இழந்த தலைவருக்கு, அவரைத் தோற்கடித்த ஆட்சியின்கீழ் இருந்த வாசகர்கள் சோறு போட்டார்கள்.

1928இல் 'சூரிய இயந்திரம்' கார்கிவில் வெளிவந்தது. சூரியன் காயும் தன் உக்ரைனுக்கே அதைக் காணிக்கையாக்கியிருந்தார். புத்தகம் பரபரப்பாக விற்றது, மறுபதிப்பும் கண்டது. இளைஞர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். கட்சி விமர்சகர்களுக்கு உள்ளூரக் கலக்கம்: நாடு கடந்த பழைய எதிரியின் நாவலை நாட்டு மக்கள் இப்படிப் படிக்கலாமா? கவிஞரும் அறிஞருமான மிகோலா ஸெரோவ், அரசியலை ஒதுக்கிவைத்து, இதை இலக்கியப் படைப்பாக எடைபோட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எல்லையில் புத்தகக் கட்டோடு பிடிபட்டவரின் புத்தகம் இப்போது சட்டப்படி எல்லையைக் கடந்து ஊருக்குள் வந்திருந்தது.

அந்தக் கதவு இரண்டே ஆண்டுகளில் சாத்திக்கொண்டது.

1930இல் தொகுப்பின் வெளியீடு நின்றது. கிராமங்களில் நிலத்தைக் கூட்டுப்பண்ணையாக்கும் பலவந்தம் உச்சத்துக்குப் போனது. 1932 ஆகஸ்ட் 7 அன்று வந்த சட்டம், கூட்டுப்பண்ணை வயலில் சில கதிர்களைப் பொறுக்கினாலும் சிறை, சமயத்தில் மரண தண்டனை என்றது. 'ஐந்து கதிர்ச் சட்டம்' என்று மக்கள் அதைச் சொன்னார்கள். கொள்முதல் அளவை எட்டாத கிராமங்களைக் கரும்பலகையில் எழுதி, அங்கே கடைச்சரக்கு போவதையும் நிறுத்தினார்கள். வீடு வீடாகப் புகுந்து அடுக்களையில் இருந்த தானியத்தையும் எடுத்துப்போனார்கள். விவசாயிகள் ஊரைவிட்டு வெளியேற முடியாதபடி 1933 ஜனவரியில் எல்லையை அடைத்தார்கள். 1932–33இல் உக்ரைனில் பசியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 39 லட்சம் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உக்ரைனியர்கள் அதற்கு 'ஹொலொதொமோர்', பசியால் கொல்லுதல், என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த வசந்தகாலத்தில் புல் முளைத்ததும் மக்கள் புல்லைத் தின்றார்கள். லிண்டன் மர இலையையும் காட்டுக் கீரையையும் பறித்துக் காயவைத்து இடித்து, கிடைத்த உமியோடு பிசைந்து ரொட்டிபோலத் தட்டினார்கள். பிழைத்தவர்களின் சாட்சியங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. வயிறு வீங்கி, புல்லின் பச்சை வாயோரம் படிந்தபடி வயலிலேயே செத்தவர்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தே ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டு நூலகங்களில், புல் ரொட்டியாகும் என்ற கதையை மக்கள் இரவல் வாங்கிப் படித்திருந்தார்கள். அந்தக் கதையில் புல்லில் பிறந்த ரொட்டி ஆள்பவர்களின் பிடியைத் தளர்த்தியது. இங்கே ஆள்பவர்கள் கோதுமை விளைந்த மண்ணில் மனிதர்களைப் புல் தின்ன வைத்தார்கள். வின்னிசென்கோ கேட்டிருந்த கேள்விக்கு, ரொட்டி ஒருவன் கையில் இருந்தால் அவன் எதுவரை போவான் என்ற கேள்விக்கு, இப்படி ஒரு பதில் வரும் என்று அவரே நினைத்துப்பார்த்திருக்க மாட்டார்.

1933 மே மாதம் எழுத்தாளர் மிகோலா ஹ்விலொவி கார்கிவில் தற்கொலை செய்துகொண்டார். ஜூலையில், உக்ரைனியமயமாக்கலை முன்னின்று நடத்திய பழைய போல்ஷெவிக்கான மிகோலா ஸ்க்ரிப்னிக்கும் தன்னைச் சுட்டுக்கொண்டார். அந்தச் செப்டம்பரில் வின்னிசென்கோ பிரான்சிலிருந்து மாஸ்கோ அரசியல் குழுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஸ்தாலினின் உக்ரைன் கொள்கையை அதில் நேருக்கு நேர் குற்றஞ்சாட்டினார். அதன்பின் அவர் பெயர் சோவியத் அகராதியில் மக்கள் விரோதி, தேசியவாதி. புத்தகங்கள் நூலகத் தட்டுகளிலிருந்து இறங்கின. பல பிரதிகள் அழிந்தன. தப்பியவை சிறப்புச் சேமிப்பு என்ற பூட்டிய அறைகளுக்குப் போயின. அனுமதிச்சீட்டு இல்லாமல் எவரும் அங்கே நுழைய முடியாது. வீட்டில் பிரதி வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தது.

புத்தகத்தைப் பற்றி எழுதியவர்களும் தப்பவில்லை. ஸெரோவ் 1935இல் கைதானார். 1937 நவம்பர் 3 அன்று கரேலியாவின் சந்தர்மோஹ் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1917இல் கீவில் தம் 'இளைஞர் நாடக அரங்க'த்தை வின்னிசென்கோவின் 'கருஞ்சிறுத்தை'யோடு தொடங்கிய இயக்குநர் லெஸ் குர்பாஸையும் அதே நாளில் அதே காட்டில் கொன்றார்கள். வின்னிசென்கோவின் சொந்த நகரத்தின் பெயர்கூட நிலையாக இல்லை. யெலிசவெத்ஹ்ராத் 1924இல் ஸினோவியெவ்ஸ்க் ஆனது. அந்தப் பெயருக்குரிய போல்ஷெவிக் தலைவர் ஸினோவியெவும் கைதாக, கிரோவோ, பிறகு கிரோவோஹ்ராத் ஆனது.

வின்னிசென்கோ மட்டும் தொலைவில் உயிரோடு இருந்தார். 1934இல் தென் பிரான்சில், கான் நகரத்துக்கு அருகே மூஜான் என்ற சிற்றூரில் அவரும் ரொசாலியாவும் ஒரு பழைய வீடும் கொஞ்சம் நிலமும் வாங்கிக் குடியேறினார்கள். வீட்டுக்கு 'ஸகூத்தொக்' என்று பெயர் வைத்தார். மூலை, ஒதுங்குமிடம் என்று பொருள். ராயல்டி நின்றுபோனதால் நிலத்தைக் கொத்திக் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தார்கள். சமைக்காத காய், கனி, கீரை மட்டும் உண்பதை ஒரு கொள்கையாகவே கைக்கொண்டார். சூரியனும் பச்சிலையும் தாங்களே உழைக்கும் கையும் இருந்தால் போதும் என்று நாவலில் எழுதியதை, தெற்கத்திய வெயிலில், தம் உடம்பைக்கொண்டே அவர் சோதித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றுகிறது. ஓவியமும் தீட்டினார். உலகப் போரில் ஜெர்மானியர்கள் பிரான்சைப் பிடித்தபோது அவர்களோடு ஒத்துழைக்க மறுத்து முகாமில் அடைபட்டார். உடல்நலம் உடைந்தது. எழுதுவது மட்டும் நிற்கவில்லை, அச்சிடத்தான் ஆளில்லை. 1951 மார்ச் 6 அன்று மூஜானில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள்.

இங்கிருந்து பயணத்தை ரொசாலியா எடுத்துக்கொள்கிறார். கணவர் விட்டுப்போனவை கட்டுக்கட்டாகத் தாள்கள்: நாற்பது ஆண்டு நாட்குறிப்பு, அச்சாகாத நாவல்கள், கடிதங்கள். வருமானம் இல்லாத ஒரு மூதாட்டி எட்டு ஆண்டுகள் அவற்றைக் காத்தார். 1959இல் அவர் இறந்தபின் அந்தத் தாள்கள் கடல் கடந்து நியூயார்க் போயின. அங்குள்ள உக்ரைனியக் கலை அறிவியல் கழகம் பொறுப்பேற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பக்மேத்தெஃப் ஆவணக் காப்பகத்தில் வைத்தது. ஹ்ரிஹோரி கோஸ்த்யுக் என்ற அறிஞர் அவற்றை வரிசைப்படுத்தினார். அவர் தாமும் வொர்குத்தா வதைமுகாமில் ஐந்தாண்டுகள் கிடந்து மீண்டவர். 1980இலும் 1983இலும் நாட்குறிப்பின் முதல் இரு தொகுதிகள் எட்மண்டனில் வெளிவந்தன. 'சூரிய இயந்திரம்' உருவான ஆண்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. ஜார் ஆட்சியில் லிவீவ் செய்த வேலையை இந்த முறை வட அமெரிக்கா செய்தது.

கோர்பசேவ் காலத்தில் பூட்டிய அறைகள் திறக்கத் தொடங்கின. 1989இல் 'சூரிய இயந்திரம்' கீவில் மறுபடி அச்சானது. அவருடைய சிறுவர் கதையான 'ஃபேத்கோ' பள்ளிப் பாடத்துக்குள் வந்தது. உக்ரைனியக் குழந்தைகள் இன்று அவரை முதலில் சந்திப்பது பெரும்பாலும் அந்தக் கதையில்தான். கிரோவோஹ்ராத் 2016இல் க்ரொபிவ்னித்ஸ்கி ஆயிற்று. அந்த நகரத்துப் பல்கலைக்கழகம் வின்னிசென்கோ பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் உடல் இன்னும் மூஜானில் இருக்கிறது.

1933இல் ஐந்து வயதாக இருந்து பிழைத்த ஒரு குழந்தைக்கு 1989இல் அறுபத்தொரு வயது. கிரோவோஹ்ராத் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் அந்த வயதுக்காரர்கள் இருந்தார்கள். இலை ரொட்டி எப்படிக் கசக்கும் என்று அவர்கள் நாக்குக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகளாக அதை வாய்விட்டுச் சொல்லவும் அனுமதி இருக்கவில்லை. அந்த ஆண்டு அவர்கள் நூலகத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால், புல் இனிப்பான ரொட்டியாக மாறும் அந்தப் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்திருப்பார்கள்.